ஐம்பதும் வெடித்தன

ஏப்ரல் 27, ஞாயிறு

மெஷின் இன்று மறுபடியும் இறுகியது.

லேத்தில் வேலை செய்த காலத்தில் ஒரு மெஷின் சண்டித்தனம் பண்ணத் தொடங்கினால் அதற்கென்று ஒரு கொப்பி போடுவேன். தேதி, கோளாறு, என்ன செய்தேன், பிறகு என்ன ஆயிற்று. கொப்பி போட்டபின் என்னிடம் தோற்காத மெஷின் கிடையாது. ஆகவே இந்தக் கொப்பி.

இது பெரிய மெஷின் ஒன்றும் இல்லை. மேலே ஒரு பிளாஸ்டிக் குடுவை, அதற்குள் வெடிமருந்து. நடுவில் குழி வைத்த ஓர் இரும்பு உருளை. பக்கத்தில் கைபிடி. கைபிடியைத் தூக்கினால் குழி நிறையும். இறக்கினால் அந்த அளவு மருந்து கீழே பிடித்திருக்கும் பித்தளைக் கோதுக்குள் விழும். அதன் வாயில், பறந்துபோய் இலக்கில் படும் சன்னத்தை வைத்து அழுத்திவிட்டால் ஒரு தோட்டா தயார். ஐம்பது முறை இழுத்தால் ஐம்பது முறையும் ஒரே அளவு விழவேண்டும், வித்தை அவ்வளவுதான். கூடிக் குறைந்தால் முந்நூறு மீற்றரில் ஒரு சன்னம் மேலே போகும், ஒன்று கீழே போகும். மிதமிஞ்சிக் கூடினால் துவக்கே முகத்துக்கு நேரே வெடிக்கும்.

சுடுவது நான் அல்ல, என் மனைவி தவமலர். வயது ஐம்பத்தெட்டு, முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை. ஊரில் துவக்கைக் கண்டால் வாழைகளுக்குள் ஓடி ஒளித்தவள். இங்கே அல்பேர்ட்டாவுக்கு வந்து, கூட வேலை செய்யும் வெள்ளைக்காரி ஒருத்தி ஒருநாள் வேடிக்கை காட்டக் கூட்டிப்போனதில், ஒன்பது வருடமாகத் துவக்குக் கழகத்தில் சுடுகிறாள். முதலில் நான் சத்தம் போட்டேன். பிறகு அவளுக்குத் தோட்டா நிறைத்துக் கொடுக்க இறங்கினேன். இந்த ஒன்பது வருடத்தில் என் கையால் நிறைக்காத ஒரு தோட்டாவைக்கூட அவள் சுட்டதில்லை.

யூலை பன்னிரண்டில் மாகாணப் போட்டி. மெஷினுக்கு இப்போதுதான் வியாதி வரவேண்டுமா?

மே 3, சனி

உருளையைக் கழற்றி அல்கஹோலால் துடைத்தேன். இந்த மருந்து சேமியாவைப் பொடியாக ஒடித்துப்போட்டதுபோல் இருக்கும். உருளை திரும்பும்போது ஒரு துண்டு விளிம்பில் அகப்பட்டுவிட்டால் அதை நறுக்கிக்கொண்டுதான் போகவேண்டும். கைபிடி ‘கறுக்’ என்று நிற்பது அதனால்தான். விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், இல்லை. எண்ணெய் விடக்கூடாது, மருந்து ஒட்டிக்கொள்ளும். பென்சில் கரியைச் சுரண்டித் தூவினேன். இருபது தரம் இழுத்துப் பார்த்தேன். இரண்டு தரம்தான் இறுகியது.

மத்தியானம் சவிரிமுத்து வந்தான். மன்னார்க்காரன், ஃபிரிட்ஜ் திருத்துகிறவன். கழகத்தில் தவத்துக்குப் பக்கத்து மேசையில் சுடுகிறவன். பதினாறு வருடமாக எங்கள் குசினியில் கேட்காமல் சட்டி திறக்கும் உரிமை அவனுக்கு உண்டு.

“அண்ணை, இப்பவும் பத்துக்கு ஒண்டுதானே நிறுக்கிறியள்?”

“லேத்தில ஆயிரம் துண்டு வெட்டினாலும் பத்துக்கு ஒண்டுதான் அளப்பம். மெஷின் ஒழுங்கெண்டால் துண்டும் ஒழுங்கு. முப்பத்தொரு வருஷம் நிண்டவன் நான்.”

“ஓம் அண்ணை, இல்லையெண்டேல்லை. இது துண்டு இல்லை, மருந்தல்லோ.”

போன ஒக்டோபரிலிருந்து தவமும் இதே பாட்டுத்தான். எல்லாவற்றையும் நிறுங்கோ, எல்லாவற்றையும் நிறுங்கோ. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு சொல்வதுபோல் இருக்கிறது.

மே 11, ஞாயிறு

இந்த நாட்டுக் காற்று வறண்டது, கம்பளியைக் கழற்றினாலே பொறி பறக்கும். குடுவைப் பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஏறி மருந்தை இழுத்து வைத்திருக்கலாம். ஒரு செப்புக் கம்பியை மெஷினிலிருந்து தண்ணீர்க் குழாய்க்குப் போட்டேன். உடுப்புக் காயவைக்கும் மெஷினில் போடும் அந்த மணத்த தாள் ஒன்றைத் தவத்திடம் கேட்டு வாங்கி, குடுவையின் உள்ளே தடவினேன்.

“இது சரிவந்தால் பிறகு டொக்டரிட்டப் போவமா?” என்றாள்.

கேள்வி மெஷினைப் பற்றி, பதில் டொக்டரைப் பற்றி. இவளோடு முப்பத்திரண்டு வருடம் இப்படித்தான்.

காலையில் கொஞ்சம் ஒழுங்காக ஓடியது. பின்னேரம் பழைய குருடி.

இப்போதெல்லாம் தேத்தண்ணி அரைக் கோப்பைதான் தருகிறாள். சீனி கூடாது, பால் கூடாது, இனி தண்ணியும் கூடாதோ என்று கேட்டேன். இரண்டாம் தரம் வார்த்துத் தந்தாள், அதுவும் அரைதான்.

மே 18, ஞாயிறு

கழகத்துக்கு அவள் போனபின், மற்றவர்களின் வாயை அடைக்கவேண்டும் என்றே இன்று இருபது தரம் இழுத்து இருபதையும் நிறுத்தேன்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. இரண்டு ஒன்றுபோல் இல்லை. கூடியதற்கும் குறைந்ததற்கும் நடுவே ஒன்றரைக் கிரெயின் வித்தியாசம். கிரெயின் என்றால் கிராமில் பதினைந்தில் ஒரு பங்குதான்; அதில் பத்தில் ஒரு பங்கு தவறினாலே நான் முகம் சுளிப்பேன்.

மெஷின் எப்போதிருந்து இப்படி? மார்ச்சிலிருந்து அவளுக்கு இருநூற்றுக்கு மேல் நிறைத்துக் கொடுத்திருக்கிறேன். அதில் எது கூடியது, எது குறைந்தது, யாருக்குத் தெரியும்? அவள் அந்தத் துவக்கில் கன்னத்தை வைத்துச் சுட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவள் வந்ததும் வராததுமாக வாசலிலேயே மறித்தேன்.

“தவம், மிச்சம் இருக்கிற தோட்டா ஒண்டையும் தொடாதையும். மெஷின் பிழை.”

“ஏன் பதறுறியள்? அதெல்லாம் நல்லாத்தான் போகுது. இண்டைக்கும் நல்லாச் சுட்டனான்,” என்று இலக்குக் கடதாசியை நீட்டினாள்.

முந்நூறு மீற்றரில் ஐந்து வெடி. ஐந்து ஓட்டையையும் ஒரு பிஸ்கட்டால் மூடலாம்.

நான் கடதாசியைப் பார்த்தேன். அவள் கை கழுவப் போய்விட்டாள்.

மே 20, செவ்வாய்

ஏப்ரல், மே மாத இலக்குக் கடதாசிகள் எல்லாவற்றையும் கராஜ் தரையில் பரப்பினேன். நான் ஒன்றையும் எறிவதில்லை. பதினெட்டுக் கடதாசி, எல்லாம் பிஸ்கட்தான். போன வருடத்தைவிடத் திறம்.

தராசைச் சோதித்தேன், சரி. மெஷின் ஒன்றரைக் கிரெயின் பிழை விடுகிறது. பிழையான மருந்து இப்படிச் சுடாது. மெஷினும் பொய் சொல்லவில்லை, கடதாசியும் பொய் சொல்லவில்லை என்றால் நடுவில் நிற்பது யார்?

ஒரு எண்ணம் வந்தது. அதை எழுத மாட்டேன்.

மே 23, வெள்ளி

எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஐம்பது தோட்டா நிறைத்தேன். நாற்பத்தொன்பதை ஒவ்வொன்றாக நிறுத்து, கூடியதைக் கொட்டி, குறைந்ததைத் திருப்பி இழுத்து, இரண்டு நாள் எடுத்தது. ஐம்பதாவதுக்கு மருந்து போடவில்லை. அடியில் ஊசி குத்தினால் பொறி தரும் கேப்பும் ஏற்கெனவே வெடித்துச் செத்தது. அதன் பள்ளம் தெரியாதபடி எப்போதும்போல் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு. எல்லாத் தோட்டாவிலும் நான் வைக்கும் அடையாளம்தான் அது, ஈரம் போகாமலும் காக்கும். அந்தக் கோதின் விளிம்பில் அரத்தால் ஒரு சின்னக் கீறல் வைத்தேன். பெட்டியின் நடு வரிசையில் செருகினேன்.

அதனால் ஆபத்து எதுவும் இல்லை. இழுத்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். “ஒண்டு வெடிக்கேல்லையப்பா” என்று கொண்டுவந்து தருவாள். நானும், “மெஷின் பிழை எண்டு சொன்னனே” என்று சிரிப்பேன்.

அவள் அப்படிச் சொல்லவேண்டும் என்று நல்லூர்க் கந்தனுக்கு நேர்ந்திருக்கிறேன். மருந்து போடாத தோட்டாவுக்கு நேர்த்தி வைத்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மே 25, ஞாயிறு

“எப்பிடி?”

“நல்லம். அம்பதும் வெடிச்சது.”

கோதுகள் எப்போதும் என்னிடம்தான் திரும்பி வரும், மறுபடி நிறைப்பதற்கு. கராஜில் கொட்டி எண்ணினேன். ஐம்பது. ஐம்பதின் கழுத்திலும் கரி. கீறல் வைத்த கோதைத் தேடி எடுத்தேன். அதன் கழுத்திலும் கரி. முகர்ந்து பார்த்தேன். வெடித்த மணம்.

மே 26, திங்கள்

சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

மே 29, வியாழன்

என் மனைவி இன்னொருவன் நிறைத்த தோட்டாவைச் சுடுகிறாள்.

வாசிக்கிறவனுக்குச் சிரிப்பு வரலாம். வேறு வீடுகளில் வேறு துரோகம் நடக்கும், இதெல்லாம் ஒரு துரோகமா என்று கேட்கலாம். எனக்கு இது துரோகம்தான். நான் கொடுக்கும் பெட்டியை வாங்கி, “நன்றியப்பா” என்று சிரித்து, காரில் வைத்து, வேறொருவனிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அவன் ஒவ்வொன்றாகச் சன்னத்தைக் கழற்றி, என் மருந்தைக் கொட்டி, நிறுத்துப் போட்டு, மறுபடி மூடி, தட்டும்போது உதிரும் என் சிவப்புப் பொட்டையும் திருப்பி வைத்துக் கொடுத்திருக்கிறான். யாரென்று கேட்கவும் வேண்டுமா? சட்டி திறக்கிறவன்தான்.

மார்ச்சில் கழகத்தில் வென்ற பதக்கத்தை ஃபிரிட்ஜ் கதவில் மாட்டி, “இது உங்கட கைக்கு” என்றாளே. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேனே. வந்தவர் போனவர் எல்லோருக்கும் அதைக் காட்டினேனே.

பதக்கத்தை எடுத்து வெங்காயக் கூடைக்குள் போட்டேன்.

மே 31, சனி

காலைச் சாப்பாட்டில், இடியப்பத் தட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கோதை வைத்தேன்.

“இதுக்குள்ள மருந்து இல்லை. கேப் செத்த கேப். எப்பிடி வெடிச்சது?”

அவள் கோதைப் பார்த்தாள். பிறகு கையைத் துடைக்கச் சேலைத் தலைப்பைத் தேடினாள், சேலை உடுத்தவில்லை என்பதை மறந்து; கடைசியில் ரீசேர்ட் நுனியில் துடைத்தாள்.

“என்னைச் சோதிச்சனீங்களோ?”

“நீர் என்னை எவ்வளவு நாளாச் சோதிக்கிறீர்?”

“ஒக்டோபரில இருந்து.”

மறைக்கக்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

ஒக்டோபரில் ஒருநாள் கன்னத்தில் சிவப்புத் தழும்போடு வந்தாள். மரக்கிளை என்றாள். கழகத்தில் மரமே இல்லை. நான் கேட்கவில்லை. அன்று ஒரு தோட்டாவில் மருந்து மிஞ்சியிருந்ததாம். வெடித்ததும் துவக்கின் போல்ட் இறுகிவிட்டதாம். சவிரி மரக்கட்டையால் தட்டித்தான் திறந்தானாம். கேப் கழன்று கன்னத்தில் அடித்ததாம்.

“கண்ணாடி போட்டிருந்தபடியா கண் தப்பிச்சுது,” என்றாள். சமையல் குறிப்புச் சொல்வதுபோல் சொன்னாள்.

“அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?”

“சொன்னால் விட்டிடுவியள். விட்டுட்டு என்ன செய்யப் போறியள்? சேர்ட் பொத்தானை விட்டாச்சு. சவரக்கத்தியை விட்டாச்சு. கார் ஓடுறதை விட்டாச்சு. அந்தக் கராஜ் ஒண்டுதான் மிச்சம்.”

“அதுக்காக? எட்டு மாசம் ரெண்டு பேருமாச் சேந்து என்னைப் பேயனாக்கினீங்களோ? நான் ரெண்டு நாள் குந்தியிருந்து நிறைக்கிறன், நீங்கள் கொண்டுபோய்க் குப்பையில கொட்டுறியள்?”

“குப்பையில கொட்டேல்லை. நிறுத்துத் திருப்பிப் போட்டது. நீங்கள் போட்ட மருந்துதான்.”

“என்ரை மருந்து! பெரிய உபகாரம்!”

கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவளும் அழுதாள், நானும் நிறுத்தவில்லை. கடைசியில் எழுந்து நின்று சொன்னாள்.

“சரி. இனி ஒருத்தரும் பிரிக்க மாட்டினம். மாகாணப் போட்டிக்கு உங்கட தோட்டா, நீங்கள் தந்தபடியே. என்ரை அம்மாவாணை. பெட்டியை நான் அங்க போய்த்தான் திறப்பன். வெடிச்சுச் செத்தால் சாகிறன்.”

“செய்யும்!” என்றேன்.

யூன் 1, ஞாயிறு

சவிரிக்கு நானே போன் எடுத்தேன். என் சோற்றைத் தின்றுவிட்டு என் முதுகில் குத்தியவன் என்றேன். இன்னும் பல சொன்னேன், இங்கே எழுத மாட்டேன். நான் மூச்சு வாங்கியபோது அவன் சொன்னான்.

“அண்ணை, போன கிழமை ஒண்டில மருந்தே இல்லை. கேப்பும் வெடிச்ச கேப். கையில வச்சுக்கொண்டு கனநேரம் இருந்தனான். அண்ணைக்கு இவ்வளவு மோசமாப் போச்சே எண்டு எனக்கு அழுகை வந்திட்டுது. அக்காட்டக்கூடச் சொல்லேல்லை. புதுக் கேப் போட்டு, மருந்தைப் போட்டு, பேசாமக் குடுத்திட்டன்.”

“அது நான் வேணுமெண்டு வச்சது. உங்களைப் பிடிக்க வச்ச பொறி.”

“ஓம் அண்ணை,” என்றான்.

பிள்ளையைத் தடவிக்கொடுப்பதுபோல் ஓர் ‘ஓம்’. அவன் நம்பவில்லை.

யூன் 8, ஞாயிறு

இருவரும் பேசுவதில்லை. சோறு மேசையில் இருக்கிறது. தேத்தண்ணியும் இருக்கிறது, அரைக் கோப்பை.

கராஜில் சோளகக் காற்று மாதிரி ஓயாமல் வேலை நடக்கிறது. மெஷினை மேசையிலிருந்து கழற்றி, புது ஆணி போட்டு இறுக்கினேன். மேசை ஆடினாலும் அளவு பிசகும். உருளையின் விளிம்பை மிக மெல்லிய அரத்தாளால் மெருகு போட்டேன். குடுவையில் மருந்தைக் கிடக்க விட்டால் பிளாஸ்டிக்கைத் தின்று பிசுபிசுக்கும். அதுவும் இல்லை. நான் ஒவ்வொரு நாளும் கொட்டிக் கழுவுகிறவன்.

வெல்வேன். அவர்கள் கொட்டிய தோட்டாக்களுக்குப் பதிலாக ஒரு பெட்டி. எவனும் தொடாத பெட்டி.

யூன் 21, சனி

போட்டிக்கு அறுபது. முப்பத்திரண்டு முடிந்தது.

இப்போது எல்லாவற்றையும் நிறுக்கிறேன். ஆனால் தராசின் தட்டு மிகச் சிறியது, வைக்கும்போதே கொஞ்சம் சிந்துகிறது. சிந்தியதைக் கூட்டி மறுபடி போட்டால் கூடுகிறதா குறைகிறதா தெரியவில்லை. சில நாளைக்கு முள் நிற்கவே நிற்காது. பேனாவும் சரியில்லை, எழுத்துக் கோணுகிறது.

யூன் 28, சனி

அறுபதும் முடிந்தது. சிவப்புப் பொட்டுப் போத்தல் இல்லை. தேடினேன். சவிரியிடம்தான் இருக்கவேண்டும். அதையும் கொடுத்துவிட்டிருக்கிறாள். வேறொன்று வாங்கித் தா என்று கேட்க மனமில்லை. பொட்டில்லாமலே பெட்டியை மூடினேன்.

யூலை 1, செவ்வாய்

கனடா தினம். ரோட்டில் ஊர்வலம். தவம் முன்வாசலில் தனியே நின்று பார்த்தாள். என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய்ப் பக்கத்தில் நின்றேன். விலகவில்லை. பிறகு உள்ளே வந்துவிட்டோம்.

யூலை 5, சனி

தவம் வேலைக்குப் போயிருந்த நேரம் சவிரி வந்தான். குசினிக்குப் போகவில்லை. கராஜ் வாசலிலேயே நின்று நகப்பூச்சுப் போத்தலை நீட்டினான்.

“உங்கட போத்தல் அண்ணை.”

வாங்கி மேசையில் வைத்தேன். போகச் சொல்லவில்லை. அவனும் போகவில்லை. மெஷினைப் பார்த்தான்.

“இன்னும் இறுகுதா?”

“இழுத்துப் பார்.”

எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவனுக்கும் இறுகவேண்டும், ‘ஓம் அண்ணை, மெஷின்தான் பிழை’ என்று அவன் வாயால் வரவேண்டும் என்று நினைத்திருப்பேன்.

அவன் கைபிடியைத் தூக்கினான், இறக்கினான். தூக்கினான், இறக்கினான். சத்தமே இல்லை. பத்துத் தரம். நான் பத்தையும் நிறுக்கச் சொன்னேன். அவன்தான் நிறுத்தான், நான் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்தும் ஒரே அளவு.

பிறகு நான் இழுத்தேன். மூன்றாம் தரத்தில் ‘கறுக்’. கைபிடி பாதியில் நின்று நடுங்கியது. நடுங்கியது கைபிடி அல்ல. சவிரி கூரையைப் பார்த்தான். நல்ல பிள்ளை, கூரையைப் பார்த்தான்.

துரோகம் என்று இந்தக் கொப்பியில் எத்தனை தரம் எழுதிவிட்டேன்! முப்பத்தொரு வருடம் எனக்குச் சோறு போட்ட கை. மயிரிழையில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்த கை. எல்லோருக்கும் முதல் என்னை ஏமாற்றியது அதுதான். அவர்கள் இருவரும் எட்டு மாதம். இது எத்தனை வருடமோ.

கோளாறு: மெஷினில் இல்லை.

யூலை 8, செவ்வாய்

அந்த அறுபதும் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. எது எவ்வளவு என்று கடவுளுக்கும் தெரியாது.

“தவம், அந்தப் பெட்டி வேண்டாம்” என்று சொல்ல இரண்டு தரம் வாயெடுத்தேன். இரண்டு தரமும் அவள் முந்திக்கொண்டாள்.

“சனிக்கிழமைக்கு ரெடிதானே? நான் சொன்னது சொன்னதுதான். உங்கட பெட்டிதான்.”

கோபத்தில் சொல்லவில்லை. கோபம் தீர்ந்துவிட்டது அவளுக்கு. அதைவிட மோசம். எனக்குச் சந்தோசம் வரட்டும் என்று சொல்கிறாள். நான் நிறைத்த தோட்டா இருக்கும் துவக்கில் கன்னத்தை வைத்துப் படுக்கப் போகிறாள், எனக்காக.

யூலை 10, வியாழன்

தவத்துக்குக் காலை ஷிப்ட். அவள் கார் திரும்பியதும் பெட்டியைத் துணிப்பைக்குள் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தேன். சவிரியின் வீடு இருபது நிமிடம். நான் அவனைச் சொன்ன சொல்லெல்லாம் வழி நெடுகக் கூடவே வந்தது.

அவன் கராஜ் திறந்திருந்தது. பழைய ஃபிரிட்ஜ் ஒன்றின் முதுகுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான்.

“சவிரி.”

எழுந்து வந்தான். பையைப் பார்த்தான். என்ன கேட்க வந்தேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நான் கேட்கும் வரை பேசாமல் நின்றான். அந்த மரியாதையை நான் அவனுக்குக் கொடுத்திருக்கவில்லை.

“அண்டைக்குக் கதைச்சது பிழை. இதைப் பிரிச்சு நிறுத்துத் தா.”

“அக்கா சத்தியம் பண்ணிப்போட்டாவே அண்ணை. ஒருத்தரும் பிரிக்கக் கூடாதெண்டு.”

“அவதான் பண்ணினவ. நான் பண்ணேல்லை.”

ஸ்டூல் ஒன்றை எனக்கு இழுத்துப் போட்டான். சன்னம் கழற்றும் சுத்தியலுக்குள் தோட்டாவைச் செருகிக் கட்டையில் ஓங்கி அடித்தான். சன்னமும் மருந்தும் கழன்று விழுந்தன. எட்டு மாதமாக என் முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தம் இது. அறுபது தரம் கேட்டேன். ஒவ்வொரு அடிக்கும் என் மூன்று கிழமை வேலையில் ஒரு துண்டு போனது.

இருபத்தேழு பிழை. அதில் மூன்று மிதமிஞ்சியவை. சவிரி அந்த மூன்றின் மருந்தையும் தட்டில் தனியாக வைத்தான். நான் அதைப் பார்த்தேன். அவளுடைய கன்னத்தை நினைத்தேன். அவனுக்கு முன்னால் அழுதேன்.

“பொட்டு வைப்பமா அண்ணை? எப்பவும் வைக்கிறதுதானே.”

போத்தல் என் வீட்டில் இருந்தது. அவன் மனைவியின் நகப்பூச்சை எடுத்து வந்தான். சிவப்புத்தான், கொஞ்சம் செம்மஞ்சள் கலந்த சிவப்பு. யாருக்குத் தெரியப் போகிறது?

“அக்காட்ட...”

“சொல்லாதை.”

“ஓம் அண்ணை,” என்றான். இந்த ‘ஓம்’ வேறு.

யூலை 12, சனி

மூன்று மணித்தியாலக் கார் ஓட்டம், தவம்தான் ஓடினாள். நல்ல வெயில், காற்றுக் கொஞ்சம் குறுக்கே.

அவள் தன் இடத்தில் பாயை விரித்து, சொன்னபடி அங்கேதான் பெட்டியைத் திறந்தாள். முதல் தோட்டாவை எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தாள். நேரம் எடுத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு மேசை தள்ளி நின்ற சவிரியைப் பார்த்தாள். அவன் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்தாள். நான் காற்றுக் கொடியைப் பார்த்தேன்.

தூசி இருக்கிறதா என்று பார்த்திருப்பாள்.

தோட்டாவை உள்ளே போட்டுப் படுத்தாள். அந்த நேரம் அவளுடைய தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியதைப் பின்னால் நின்று கண்டேன். ஒவ்வொரு வெடிக்கும் நான் கண்ணை மூடினேன். அறுபது தரம்.

மாகாணத்தில் இரண்டாம் இடம். அவளுக்கு மேலே வந்தவளுக்கு வயது இருபத்தாறு.

பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள். சவிரி பக்கத்தில் நின்றான்.

“பாத்தீங்களா? ஒருத்தரும் தொடாத தோட்டா. உங்கட கைதான்.”

அவளுடைய கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. நானும் என் கண்ணில் ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

“ஓம்,” என்றேன்.

மரநிழலில் உட்கார்ந்தோம். இங்கே மரம் இருக்கிறது. ஃபிளாஸ்கைத் திறந்து எனக்குத் தேத்தண்ணி வார்த்தாள். இன்று சந்தோசம், வார்த்துக்கொண்டே போனாள். கோப்பையில் பாதி தாண்டப்போகும்போது அவளுடைய கையைப் பிடித்தேன்.

“அரைக் கோப்பை காணும், தவம், கூடினால் சிந்தும்,” என்றேன். “திங்கக்கிழமை டொக்டருக்கு போன் எடும்.”